வாடாமல்லிக்கு ஐஸ் தண்ணீர்

கத்திரி வெயிலுக்குப் பயப்படாத பூக்கள் உலகத்தில் மொத்தம் மூன்றுதான் என்று பத்து வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். வாடாமல்லி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி. மூன்றும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்தன. அதனால் வந்த நம்பிக்கை அது. நான்காவதாக ஒன்றும் அங்கே இருக்கத்தான் செய்தது. அதை நான் பூ என்று கணக்கில் சேர்க்கவில்லை.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கோயில் என்று நான் சொல்வது மாதா கோயிலை. அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டினார். அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, ஒரு சூட்கேஸோடு வந்து எங்களோடு தங்கினாள். சித்தப்பா திருவொற்றியூரிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவார். காபி குடிப்பார். "ராத்திரி தூங்குனியா?" என்று சித்தியைக் கேட்பார். சித்தி தலையை ஆட்டுவாள். போய்விடுவார்.

சித்திக்கு உடம்பு சரியில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நானும் கவனித்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மாத்திரைகூட ஒரு வாரத்தோடு நிறுத்திவிட்டாள். உடம்பு சரியில்லாத மனுஷி இப்படி மாடிக்கு மண் சுமப்பாளா என்று எனக்குப் பெரிய சந்தேகம்.

ஆமாம், மண் சுமந்தாள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் பூசிய சாம்பலோடு வந்தவள், பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு, செம்மண்ணை அன்னக்கூடையில் அள்ளி அள்ளி மாடியில் கொட்டினாள். அப்பா துறைமுகத்திலிருந்து ஓரம் உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகள் ஏழு கொண்டுவந்து கொடுத்தார். ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டது நான். மண்ணோடு காய்ந்த சாணியும் தேங்காய் நாரும் கலந்து, பெட்டிகளைப் பலகைக்கட்டையின் மேல் தூக்கி வைத்தாள் சித்தி. மாடித் தரையில் வைத்தால் சூடு அடியில் ஏறி வேர் வெந்துவிடுமாம். அப்புறம் விதை. ஈஸ்டர் வரைக்கும், தவக்காலம் பூராவும், அது முளைத்தது, வளர்ந்தது. ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளினாள். ஆசையாக வளர்த்ததை ஏன் கிள்ளுகிறாய் என்று சண்டை போட்டேன். கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைக்கும் என்றாள். அதுவும் அப்படியே நடந்தது.

எங்கள் பக்கம் காற்றில் கரித்தூள் வரும். துணி காயப்போட்டால் சாயங்காலம் அதில் பெயர் எழுதலாம். சித்தி தினமும் காலையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு இலை இலையாகத் துடைப்பாள். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல, காதுப் பக்கம்கூட விடாமல். "உனக்கு வேற வேலையே இல்லியாடி" என்று அம்மா கேட்பாள். ஆனால் அதைக் கோபமாகக் கேட்கமாட்டாள்.

இவ்வளவும் எதற்கு என்றால், மே மாதத்துக்காக. மே மாதம் மாதாவுக்கு உரிய மாதம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கெபியின் முன்னால், அதாவது மாதா சுரூபம் நிற்கிற கல்குகையின் முன்னால், செபமாலை சொல்வோம். சித்தி ஒரு பொருத்தனை செய்திருந்தாள். முப்பத்தோரு நாளும் தன் கையால் வளர்த்த பூவை மாதாவின் காலடியில் வைப்பதாக. கடையில் வாங்கிய பூ கூடாது. நேற்றுப் பூத்தது கூடாது. ஒரு நாள் தவறினாலும் வேண்டுதல் போச்சு.

என்ன வேண்டுதல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்துக்கொண்டேன். மழை. வேறு என்ன இருக்க முடியும்? அந்த வருஷம் ஊரே மழைக்குத்தான் வாயைத் திறந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். வீட்டுக்கு ஆறு குடம். பங்குச் சாமியாரும் செபமாலை முடிவில் மழைக்காக மன்றாடச் சொல்வார். ஆகவே சென்னைக்கு மழை வருவதும் வராததும் எங்கள் சித்தியின் ஏழு மீன் பெட்டியில்தான் இருக்கிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன். இதை வெளியே சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. ரகசியமாகவே வைத்திருந்தேன்.

ஆறு குடத்தில் செடிக்கு என்று தனியாக ஒரு சொட்டு கிடையாது. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அரிசி கழுவிய தண்ணீர், காய் அலசிய தண்ணீர், அவ்வளவுதான். அதைச் சித்தி ஒரு சொம்பில் பிடித்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் பங்கு போட்டு ஊற்றுவாள். அதுவே அந்தச் செடிகளுக்குப் போதுமாக இருந்தது. உச்சிவெயிலில் நானே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடப்பேன், வாடாமல்லி நிமிர்ந்து நிற்கும். முதல் பதினேழு நாள் ஒரு குறையும் இல்லை. தினமும் ஒரு சின்னத் தட்டில் ஊதாவும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ போயிற்று.

கெபியில் மற்றப் பெண்கள் எல்லாம் பேசிக்கொண்டு நிற்பார்கள். இடுப்பில் பிள்ளை வைத்துக்கொண்டு நிற்பார்கள். சித்தி பூவை வைத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நின்றுகொள்வாள். யாராவது, "இன்னாம்மா, எப்ப வந்த? வூட்டுக்காரு வரலியா? புள்ள..." என்று ஆரம்பித்தால் அம்மா குறுக்கே பாய்ந்து, "உங்க வூட்டுக்கு லாரி வந்துச்சா?" என்று கேட்பாள். தண்ணீர் லாரியைப் பற்றிக் கேட்டால் எங்கள் தெருவில் எந்தப் பேச்சும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அம்மாவுக்குத் தண்ணீர்மேல் எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பதினெட்டாம் தேதி வெயில் ரொம்பக் கொடுமை. அன்றைக்கு அரிசி கழுவிய தண்ணீரும் கம்மி, ஏனென்றால் முந்தின நாள் லாரி வரவில்லை. சித்தி மண்ணைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டாள். அதைப் பார்த்ததும், நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சும்மாவா, ஊர் மழை விஷயம்.

அப்போது தடைக்காலம். மீன் முட்டை போடுகிற காலம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். அப்பா படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவார், நானும் கூடவே போவேன். உள்ளூர் மீன் குறைவு என்பதால் மேற்குக் கரையிலிருந்து லாரியில் ஐஸ் போட்ட மீன் வரும். பெட்டிகளை இறக்கி அடுக்கும்போது அடியிலிருந்து தண்ணீர் ஊற்றும். ஆடு மாடுகூடக் குடிக்காமல் சாக்கடைக்குப் போகிற தண்ணீர். தொட்டால் விரல் மரத்துப்போகும், அவ்வளவு சில்லிப்பு. வெயிலில் கிடக்கிற செடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெயிண்ட் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். அங்கே மீன் பெட்டி எடுக்கிற ஒரு அக்கா பார்த்துவிட்டாள்.

"இன்னாடா நைனா, டிரைவர் வூட்டுப் புள்ளதான நீ? இந்த கலீஜ் தண்ணி உனக்கு இன்னாத்துக்கு?"

"செடிக்குக்கா."

"செடிக்கா? அப்ப எட்த்துனு போ. மீன் தண்ணி ஊத்துனா சும்மா கும்முனு வரும். எங்கூட்டு முருங்கய வந்து பாரு."

"சில்லுனு கீதுல்ல, அதான்."

"ஓ, செடிக்குச் சில்லுனு வேற வேணுமா. அப்பால அதுக்கு ஃபேனு போடுவியா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்குத்தான் ஊற்றுவார்கள். செடியும் நன்றாக வரும். அந்தத் தைரியத்தில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மத்தியானம், எல்லோரும் படுத்திருந்த நேரம், ஏழு பெட்டிக்கும் ஊற்றினேன். ஓரமாக, உடைந்த எனாமல் பேசின் ஒன்றில் பத்துமணிப் பூ இருந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்தபோது குப்பையில் போட்ட ஒரு கொத்தை எடுத்துச் சித்தி சும்மா செருகி வைத்தது. நர்சரியில் டேபிள் ரோஸ் என்பார்கள். காலை பத்து மணிக்கு விரியும், மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் சுருங்கிக்கொள்ளும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போகாத பூவுக்கு எதற்குத் தண்ணீர்? அதற்கு நான் ஊற்றவில்லை.

மறுநாள் செடிகள் லேசாகத் துவண்டன. வெயில் என்று சித்தி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும், இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே அன்றைக்கு இரண்டு டப்பா. அதற்கு மறுநாள் இன்னும் துவண்டன. மூன்று டப்பா.

இருபத்தோராம் தேதி காலையில் நான் கண் விழித்தபோது சித்தி கூடத்தில் இல்லை. மாடிக்குப் போனேன். ஏழு பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். இலைகளின் ஓரம் எல்லாம் நெருப்பில் காட்டியது மாதிரி கருகியிருந்தது. செண்டுமல்லி படுத்தேவிட்டது. காய்ந்த மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சித்தி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

என்னைப் பார்த்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றவும் இல்லை, நல்லது செய்திருக்கிறோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். "ஐஸ் தண்ணி ஊத்துனேன் சித்தி. அதுங்களுக்குச் சில்லுனு இருக்கட்டும்னு."

சத்தம் கேட்டு மேலே வந்த அப்பா பெட்டிகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தூரத்திலிருந்து வருகிற மீனுக்கு ஐஸோடு கல்லுப்பையும் அள்ளிப் போடுவார்களாம், அப்போதுதான் சில்லிப்பு ஏறுமாம். "நாலு நாளா லாரி உப்பக் கரைச்சு ஊத்திகீறான் உன் புள்ள" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு நாள் அதிகம். ஆனால் அதைத் திருத்துகிற நேரம் அது இல்லை. அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சித்தி எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதக்கா. அதுங்களுக்குச் சூடு தாங்காதுன்னுதான ஊத்துனான். யாருக்குத் தோணுது அந்த மாதிரி?"

அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கீழே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகத் திரும்பி வந்தாள். குடிக்கிற தண்ணீர். சொம்பில் மொண்டால்கூடச் சிந்தாமல் மொள்ளச் சொல்கிற அம்மா, அந்த இரண்டு குடத்தையும் அப்படியே பெட்டிகளில் கவிழ்த்தாள். உப்பு கழுவிப் போகட்டும் என்று. ஒன்றும் ஆகவில்லை. அடி ஓட்டை வழியாக ஒழுகித் தரையில் கொஞ்சம் செம்மண் தண்ணீர் ஓடியது, அதுவும் சூட்டில் உடனே காய்ந்துபோனது.

"வாடாமல்லி காஞ்சாலும் கலரு போவாதேடி. இருக்கறதப் பறிச்சு இன்னிக்கு வெச்சிடு" என்றாள் அம்மா.

"செத்த செடிலருந்து பறிச்சு மாதாவுக்கு வெக்கமாட்டேன்க்கா" என்றாள் சித்தி. சத்தமே இல்லாமல்தான் சொன்னாள்.

இருபது நாள் போன பொருத்தனை. இன்னும் பதினோரு நாள். இனிமேல் மழை வராது. லாரியும் நின்றுபோகும். தெருவில் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிற அத்தனை பேருக்கும், இது யாரால் வந்தது என்று தெரிந்தால் என்ன ஆகும்?

சித்தி அங்கேயே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. பத்து மணி இருக்கும். எனாமல் பேசினில் அந்த நான்காவது பூ விரிய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் எட்டு ஒன்பது. கண்ணைக் குத்துகிற ரோஸ் கலர். சித்தி அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஈரத்துணியை எடுத்து, பேசினில் படிந்திருந்த கரியைத் துடைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, பேசினைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"எங்கடி?" என்றாள் அம்மா.

"கோயிலுக்கு. ஆறு மணிக்கு இது மூடிக்கும். இப்பவே போயிட்டு வந்துடறேன்."

"இந்த வெயில்லியா? அங்க ஒருத்தரும் இருக்கமாட்டாங்கடி."

"இருக்க வேணாம்க்கா."

அம்மா என் கையில் அப்பாவின் பெரிய கறுப்புக் குடையைத் திணித்து, பின்னாலேயே போகச் சொன்னாள். தண்டனை என்று எடுத்துக்கொண்டு போனேன். சித்தி உயரத்துக்குக் குடையைத் தூக்கிப் பிடிக்கக் கை வலித்தது. பாதி நேரம் நிழல் பேசின் மேல் விழுந்தது, பாதி நேரம் யார்மேலும் விழவில்லை.

கோயில் வளாகத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் மட்டும் வராண்டாவில் மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, எல்லாம் பூவப் பறிச்சுனு வருவாங்க. நீ வேரோட எட்த்தாந்துகீற?"

"பறிச்சா நிக்காதுங்க. உடனே வாடிடும்."

"சரி, வெச்சுட்டு நெழலுக்கு வந்துரு. மாதா எங்கியும் போவப் போறதில்ல."

சித்தி பேசினை மாதாவின் காலடியில் வைத்தாள். நிழலுக்கு வரவில்லை. பூ மூடுகிற வரைக்கும் அங்கேயே முழங்காலில் இருந்தாள். நான் கொஞ்ச நேரம் குடை பிடித்தேன், அப்புறம் புங்கமரத்தடிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து பார்க்கும்போது சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். தோள் குலுங்கிக் குலுங்கி நின்றது. ஏதோ பேசுகிற மாதிரியும் இருந்தது. அவ்வளவு வியர்வை. சாயங்காலத்துச் செபத்தில் அவள் வாயைத் திறந்தே நான் பார்த்ததில்லை. காலையில் மாதாவுக்கு வேறு வேலை இல்லாததால் பேச வசதியாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாளும் பத்து மணிக்குப் பேசின், குடை, நான். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் போனபோது, சித்தி முழங்கால் போடுகிற இடத்தில் உபதேசியார் ஒரு சாக்கை நனைத்து விரித்து வைத்திருந்தார். சித்தி அதன்மேல் முழங்கால் போட்டாள். பத்துமணிப் பூ ஒரு நாளும் ஏமாற்றவில்லை. ஒரு நாள் நாலு பூத்தது, ஒரு நாள் பன்னிரண்டு பூத்தது. அரிசிக் கழுநீர் அரைச் சொம்பு, அவ்வளவுதான் அது கேட்டது. அந்த நாட்களில் சித்தி வீட்டில் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் அம்மாவோடு சேர்ந்து நண்டு உடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா "தூங்குனியா?" என்று கேட்டபோது, "நீ தூங்குனியா?" என்று திருப்பிக் கேட்டாள். சித்தப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் இல்லை. டிவியில் தினமும் மழைக்கு வாய்ப்பில்லை என்றே சொன்னார்கள். ஏரி வெடித்துக் கிடப்பதைக் காட்டினார்கள். மாதா என் ஐஸ் தண்ணீரை மன்னிக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது.

முப்பத்தோராம் தேதி. ஒரு மணிக்குக் கடைசிப் பூவும் சுருங்கியது. சித்தி சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, பேசினைத் தூக்கிக்கொண்டாள். "முடிஞ்சிதுடா" என்றாள். முகம் கழுவின மாதிரி இருந்தது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"மழ இன்னும் வரலியே சித்தி. நான் ஊத்துனதாலதான?"

"மழைக்கும் உனக்கும் இன்னாடா?"

"நீ மழைக்குத்தான வேண்டிக்கின? நான்தான் கெடுத்துட்டேன்."

சித்தி நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். பொங்கலுக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பத்து நாளா இத்த நெனச்சுகினா கொட புடிச்சுனு வந்த? மழைக்கு ஊரே வேண்டிக்குதுடா. நான் வேண்டிக்கினது வேற ஆளுக்கு."

யார் அந்த ஆள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவள் அன்றைக்குச் சொல்லியிருப்பாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஏழு மாதம் அவள் வயிற்றில் இருந்து, மூச்சு விடாமலே பிறந்து, பேர் வைப்பதற்கு முன்னால் புதைத்துவிட்ட ஒரு பெண் குழந்தை எனக்குத் தங்கையாக இருந்தாள் என்பது, நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அந்தத் தங்கையைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதற்கு, ஆள் இல்லாத ஓர் இடமும் யாரும் வராத ஒரு நேரமும் சித்திக்கு அந்தப் பதினோரு நாளில்தான் கிடைத்தன.

அன்றைக்கு என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. மழைக்கு இல்லை. அப்படியானால் மழை வராததற்குக் காரணம் நான் இல்லை. பத்து நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. தெரு முனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற சத்தம் கேட்டது. சித்தியை அப்படியே நடுவெயிலில் விட்டுவிட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு, ஒரே ஓட்டமாக ஓடினேன்.